சொர்க்கத்தை இடம் மாற்றிவிட்டார்கள்

சிங்கப்பூரில் நான் சுற்றிப் பார்த்த இடங்களை நீங்களும் பார்க்க ஆசைப்பட்டால் சிங்கப்பூர் போய்ப் புண்ணியமில்லை. தென்காசியில் எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஓர் ஆல்பம் கிடக்கிறது. பிளாஸ்டிக் உறை பழுப்பேறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. மெதுவாகப் பிரித்தால் பார்க்கலாம்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எங்கள் பொறியியல் கல்லூரி இறுதியாண்டுப் பையன்களை சிங்கப்பூர், மலேசியா என்று கூட்டிப்போனது. ஏட்டளவில் அதற்குப் பெயர் இண்டஸ்ட்ரியல் விசிட். சுருக்கமாக ஐ.வி. தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை: ஏதாவது ஒரு தொழிற்சாலை வாசலில் குரூப் போட்டோ, அதன் பிறகு ஊட்டி. எங்களுக்கு ஊட்டிக்குப் பதிலாக சிங்கப்பூர். சிங்கப்பூர் டாலர் அப்போது 25 ரூபாய் சொச்சம். அதுவே கொள்ளை விலை என்று அப்பாக்கள் புலம்பினார்கள். இப்போது 60-ஐத் தாண்டிவிட்டது, புலம்புவது நான்.

தொழிற்சாலையும் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஜூரோங் பக்கம் ஒரு கட்டடத்தில் ஏ.சி. அறையில் உட்காரவைத்து, பாதுகாப்பு விதிகள் பற்றி ஒரு படம் போட்டார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். இயந்திரம் என்று எதையும் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதைப் பற்றி ஊர் திரும்பியதும் ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் தடிமனாக ஒரு ரிப்போர்ட் சமர்ப்பித்தோம்.

மீதிப் பகல் முழுவதும் ஊர் சுற்றல்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும், மறுநாள் காலை மலேசியா பஸ். கைடு சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பது வயதிருக்கும். எல்லாரையும் ‘தம்பி’ என்பார். காலை எட்டு மணிக்கு பஸ்ஸில் மைக்கைப் பிடித்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: “சூயிங்கம் யாராவது கொண்டு வந்திருந்தா இப்பவே முழுங்கிடுங்க லா.” 1992-லிருந்து அங்கே அதற்குத் தடை. பின்சீட்டில் ஒருவன் உண்மையிலேயே முழுங்கினான்.

முதல் நிறுத்தம் மெர்லயன். சிங்கத் தலை, மீன் உடம்பு, 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. 1972 செப்டம்பர் 15 அன்று லீ குவான் யூ திறந்துவைத்தது. ஆக, நாங்கள் போனபோது அதற்கு 27 வயது. எங்களோடு வந்திருந்த துறைத்தலைவருக்கு அதைவிட இருபது வயதாவது கூடுதல். கைடு அதை ‘பழமையான சின்னம்’ என்று அறிமுகப்படுத்தினார். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டி விளையாடி வளர்ந்த பையன்கள் நாங்கள், பயபக்தியோடு தலையாட்டினோம்.

பழமையான சின்னத்துக்கு அன்று நேரம் சரியில்லை. 1997-இல் அதற்கு நேர் முன்னால் எஸ்பிளனேடு பாலத்தைக் கட்டிவிட்டிருந்தார்கள். கடலைப் பார்த்துக் காவல் நிற்பதற்கென்று வைத்த சிங்கம், பாலத்தின் பக்கவாட்டுச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து தண்ணீரும் கொட்டவில்லை. பம்பு ரிப்பேர் என்றார் கைடு.

“நாளைக்குச் சரியாயிருமா அண்ணே?”

“நாளைக்கு நீங்க மலேசியா தம்பி.”

சுற்றிலும் சாரம் கட்டியிருந்தது. பக்கத்தில் ஃபுல்லர்ட்டன் கட்டடத்தை, ஒரு காலத்துத் தலைமைத் தபால் நிலையத்தை, ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாலத்துக்கு அப்பால் எஸ்பிளனேடு கலையரங்கம் பாதியில் நின்றது. எதிர்க்கரை வெறும் பொட்டல். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் புல் முளைத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்த்து யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க என்ன இருந்தது? எங்களிடம் இருந்தது ஒரு கேமரா, 36 படத்துக்கான கோடக் ரோல். கேமராவின் சொந்தக்காரன் கஞ்சன். “கண்ண மூடாம இருங்கல, ஒரே ஷாட்தான்” என்று மிரட்டி எடுத்த அந்தப் படத்தில் சிங்கத்தின் பிடரி தெரிகிறது, பாலம் தெரிகிறது, மூலையில் துறைத்தலைவரின் கட்டைவிரல் தெரிகிறது.

அந்த நேரத்தில்தான் ஒரு லாரி வந்து நின்றது. திறந்த பின்தட்டில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஆட்கள் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சத்தம் காதில் விழுந்ததும் ஒருவர் திரும்பினார்.

“எந்த ஊரு தம்பி?”

“தென்காசிண்ணே.”

“நான் பட்டுக்கோட்டைப் பக்கம். வேலைக்கு வந்தியளா?”

“இல்லண்ணே, காலேஜுலேருந்து சுத்திப் பாக்க வந்தோம்.”

அவர் சாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். “இன்னும் வேல முடியலயே தம்பி. ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்கலாம்.”

அன்று முழுக்க எங்களுக்குக் கிடைத்த சுற்றுலாத் தகவல்களில் பிழையில்லாதது அது ஒன்றுதான். சரியாக 2002-இல் மெர்லயனை அப்படியே தூக்கி 120 மீட்டர் தள்ளி, பாலத்துக்கு முன்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். வாயில் தண்ணீர் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் எஸ்பிளனேடு கலையரங்கம், டுரியான் பழத்தோட்டை உடுத்திக்கொண்டு, திறப்புவிழா கண்டது. கைடுக்குத் தெரியாத தேதி சாரத்தில் ஏறுகிறவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நான் எங்கள் பக்கமே வேறொரு கல்லூரியில் ஆசிரியர். 2024-இல் என் தலையில் ஒரு ஐ.வி. கட்டப்பட்டது. அன்று எண்ணப்பட்ட தலைகளில் ஒன்றாக இருந்தவன், தலைகளை எண்ணுகிறவனாக சிங்கப்பூரில் போய் இறங்கினேன். எங்கள் காலத்தில் சென்னை வரை ரயிலில் போய்த்தான் விமானம் ஏறினோம். இந்த முறை மதுரையிலேயே ஏறிவிட்டோம். துறைத்தலைவர் அன்று வருகைப் பதிவேட்டையே விமானத்தில் கொண்டுவந்திருந்தார். என் கையில் ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது, அதில் அத்தனை பேரும் லைவ் லொகேஷன் போட்டிருக்கிறார்கள். காணாமல் போகிறவன் முதலில் அணைப்பது அதைத்தான்.

முதல் நிறுத்தம் மறுபடியும் மெர்லயன். இப்போது தண்ணீர் கொட்டுகிறது. என் மாணவர்கள் வரிசையில் நின்று, வாயைப் பிளந்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பதாக ஒவ்வொருவரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றிருந்த கொரியக் குடும்பமும் அதையே செய்தது. பின்னால் இருந்த குஜராத்தித் தம்பதியும் அதையே செய்தார்கள். சிங்கத்துக்குக் கீழே இருப்பது இப்போது கடலும் அல்ல. 2008-இல் மரீனா தடுப்பணையைக் கட்டி முகத்துவாரத்தை அடைத்து, அந்தக் குடாவை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள்; ஊருக்குக் குடிநீர் போகிறது. கடலுக்குக் காவல் வைத்த மீன்சிங்கம் ஏரிக்காவல் பார்க்கிறது. நம்மூரில் ஏரிக்குக் காவல் என்றால் அது அய்யனாரின் வேலை. சம்பளத்துக்குப் புரவியாவது கிடைக்கும்.

எதிர்க்கரைப் பொட்டலில் மரீனா பே சாண்ட்ஸ் நிற்கிறது. 55 மாடியில் மூன்று கோபுரங்கள், அவற்றின் தலைமேல் 340 மீட்டர் நீளத்துக்கு ஒரு கப்பல். அதற்குப் பின்னால் 2012-இல் திறந்த கரையோரப் பூந்தோட்டங்கள், 50 மீட்டர் வரை உயர்ந்த இரும்பு மரங்கள். எங்கள் கைடு இந்த முறை ஓர் இளம்பெண். மாணவர்கள் ‘அக்கா’ என்று ஒட்டிக்கொண்டார்கள். “இதுதான் நம்ம ஊரு ஐகான்” என்று அவர் அந்தக் கப்பலைக் காட்டினார். 2010-இல் திறந்தது. 14 வயது. மெர்லயனுக்கு 27 வயதிலேயே ‘பழமை’ கிடைத்ததை நினைத்துக்கொண்டேன். பதவி உயர்வு இன்னும் வேகமாகியிருக்கிறது.

பஸ் சிக்னலில் நின்றது. பக்கத்தில் ஒரு லாரி. பின்தட்டில் ஹெல்மெட் போட்ட ஆட்கள், தோளோடு தோள். ஆட்களை இப்படி லாரியில் ஏற்றிப்போவது சரியா என்று சிங்கப்பூர் நாடாளுமன்றத்திலேயே பேசியிருக்கிறார்கள், பல தடவை. மேலே கூரை போட்டார்கள், ஓரத்தில் கம்பி வைத்தார்கள். லாரி லாரிதான். எங்கள் பஸ்ஸில் சீட்டுக்குச் சீட்டு போன் சார்ஜ் போட வசதி இருந்தது. என் மாணவன் ஒருவன் கைகாட்டினான். லாரியிலிருந்து ஒருவரும் காட்டினார். எந்த ஊர் என்று யாரும் யாரையும் கேட்க முடியவில்லை, ஏ.சி. பஸ்ஸின் ஜன்னல் திறக்காது. நானும் அவரும் ஒரே மாதிரி போனைப் பார்க்கக் குனிந்தோம்.

அன்றைய பயணத்துக்குத் திரும்புகிறேன். நடுவில் ஒரு நரகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதையடுத்து ஜூரோங் பறவைப் பூங்கா. ஜூரோங் ஒரு காலத்தில் சதுப்புக்காடு. அங்கே தொழிற்பேட்டை அமைத்தபோது ‘கோவின் முட்டாள்தனம்’ என்று கேலி பேசினார்கள். கோ என்றால் கோ கெங் சுவீ, சிங்கப்பூரின் முதல் நிதியமைச்சர். ரியோ டி ஜெனிரோவுக்குப் போயிருந்தபோது அங்கே பறவைகளைத் திறந்துவிட்டிருந்த ஒரு பெரிய வலைக்கூண்டைப் பார்த்த அவர், தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் குடும்பத்தோடு போய்வர இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். 1971 ஜனவரி 3 அன்று பூங்கா திறந்தது. அதன் பெருமை ஒரு செயற்கை அருவி. 30 மீட்டர்.

குற்றாலத்துக்கு சைக்கிளில் போய்க் குளித்துவிட்டு, தலை காயாமல் வகுப்புக்கு வருகிற பையன்களிடம் 30 மீட்டர் அருவியைக் காட்டினால் என்ன நடக்கும்? கைடு தம் வாழ்நாளில் கேட்டிராத கேள்விகளை அன்று கேட்டார்.

“சீசன் எப்பண்ணே?”

“வருஷம் பூரா விழும் தம்பி.”

“சாரல் உண்டா?”

“அதெல்லாம் கிடையாது.”

“மோட்டாரா? எத்தன ஹெச்.பி.?”

இது ஒன்றுதான் அந்தப் பயணம் முழுக்க எங்களில் எவனாவது கேட்ட பொறியியல் கேள்வி. துறைத்தலைவர் முகத்தில் பெருமிதம் வந்தது. அதற்குள் இன்னொருவன், “எண்ணெ தேச்சிக் குளிக்க விடுவாங்களா?” என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்தான். பக்கத்தில் பென்குவின்களுக்குத் தனி ஏ.சி. வீடு. விடுதியில் நான்கு பேருக்கு ஒரு மின்விசிறியில் படுத்துக் கிடந்தவர்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவற்றை வெகுநேரம் பார்த்தோம். பொறாமைதான்.

2023 ஜனவரி 3 அன்று, திறந்து 52 ஆண்டு நிறைந்த அதே தேதியில், பூங்காவை மூடினார்கள். பறவைகள் ஊரின் மறுபக்கம் மண்டாய்க்குக் குடிபோயின. புது வீட்டுக்கு பேர்ட் பாரடைஸ் என்று பெயர், பறவைகளின் சொர்க்கம். அருவி? அருவியை இந்த ஊரில் யாரும் விடுவதில்லை. பூந்தோட்டத்துக் கண்ணாடிக் குடிலுக்குள் 35 மீட்டரில் ஒன்று விழுகிறது. சாங்கி விமான நிலையத்தையொட்டி 2019-இல் திறந்த ஜுவல் கட்டடத்தின் கூரையிலிருந்து 40 மீட்டரில் ஒன்று விழுகிறது. உள்ளரங்கு அருவிகளில் உலகிலேயே உயரமானது, அதுவும் இலவசம். நாங்கள் காசு கொடுத்துப் பார்த்ததைவிடப் பெரிய அருவியை, என் மாணவர்கள் டிராலியைத் தள்ளிக்கொண்டே, நடையை நிறுத்தாமல் வீடியோ எடுத்தார்கள். ஒருத்தி மட்டும், “சார், நம்ம அருவியில ஆகஸ்ட்லயே தண்ணி நின்னுருது” என்றாள். அவளும் மோட்டாரைப் பற்றித்தான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்துப் போன சென்டோசாத் தீவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மறைந்தோர் பட்டியல் போதும். தீவைச் சுற்றி ஓடிய மோனோரயில், 2005. மாலையில் பாட்டுக்கு ஆடிய இசை நீரூற்று, 2007. தலைக்குமேல் சுறா நீந்த நகரும் தரையில் நின்றபடியே போன அண்டர்வாட்டர் வேர்ல்டு, 2016. கண்ணிலிருந்து லேசர் அடித்த 37 மீட்டர் பெரிய மெர்லயன், 2019. என் ஆல்பத்தில் இரண்டு பக்கம் முழுக்க இந்த நால்வரும்தான். நீரூற்று முடிந்து கூட்டம் கலையும்போது, எங்கள் துறைத்தலைவர் பெஞ்சின்மேல் ஏறி நின்று வருகைப் பதிவேட்டைப் பிரித்து ரோல் நம்பர் வாசித்தார். ‘எஸ் சார்’, ‘எஸ் சார்’ என்று இருட்டின் பல திசைகளிலிருந்து குரல் வந்தது. அதையும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து ஒரு ஜப்பானியர் கைதட்டினார்.

இப்போது அங்கே போனால் யுனிவர்சல் ஸ்டூடியோஸ். பகலில் பாதி வரிசையில் நிற்பதற்கே சரி. “நீங்க வந்தப்ப இங்க என்ன சார் இருந்துச்சு?” என்று மாணவர்கள் கேட்டார்கள். பெரிய சிங்கம் இருந்த திசையைக் காட்டினேன். அங்கே இப்போது ஒரு நடைபாதைத் தோட்டம், 2024 மார்ச்சில்தான் திறந்திருந்தார்கள். “அதோ, அந்தச் செடிக்கு மேல, வானத்துல, சிங்கத்தோட வாய். வாய்க்குள்ள நின்னு பார்த்தோம்.” நாலணாவுக்கு மசால்தோசை தின்ற கதையைச் சொல்கிற பெரியவரைப் பார்க்கும் கனிவோடு என்னைப் பார்த்தார்கள்.

இரவு சிராங்கூன் சாலை. அன்றும் இன்றும் கைடு இதை ‘ஷாப்பிங்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார், பார்க்க வேண்டிய இடங்களில் சேர்ப்பதில்லை. கோமள விலாஸ் 1947-லிருந்து அங்கேயேதான் இருக்கிறது. தோசைக்கு அன்று எந்தப் பக்கம் கூட்டம் நின்றதோ அதே பக்கம் நிற்கிறது. வீரமாகாளியம்மன் வாசலில் பூக்கடை. அன்று எங்கள் ஒவ்வொருவர் கையிலும் வீட்டிலிருந்து எழுதிக் கொடுத்த சீட்டு: கோடாலித் தைலம், டைகர் பாம், மறுபடியும் கோடாலித் தைலம். மூட்டுவலி இல்லாத சொந்தக்காரரே எங்கள் பக்கம் கிடையாது. இப்போது தைலம் தென்காசியிலேயே கிடைக்கிறது, ஆன்லைனில் இன்னும் சல்லிசு. என்றாலும் என் அக்கா போன் போட்டு, “அங்கேருந்து வாங்குனாத்தாம்டா கேக்குது” என்றாள். வாங்கினேன்.

இனி நரகம்.

ஹா பார் வில்லா. டைகர் பாம் தைலத்தை உலகம் முழுக்க விற்ற ஆவ் பூன் ஹா, தம் தம்பிக்காக 1937-இல் கட்டிய மாளிகையும் தோட்டமும். மாளிகை போய்விட்டது, தோட்டம் இருக்கிறது. அதில் சீனப் புராணக் கதைகளைச் சொல்லும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுதை உருவங்கள். அவற்றில் பேர்போனது நரகத்தின் பத்து நீதிமன்றங்கள். குகைக்குள் வரிசையாக மாடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நீதிபதி, ஒரு குற்றம், அதற்கான தண்டனை, சிவப்புப் பெயின்ட் தாராளமாக. கருடபுராணம் கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதில்லை. எண்ணெய்க் கொப்பரையின் இடத்தில் ரம்பம், அவ்வளவுதான். சாப்பாட்டை வீணாக்கினால், புத்தகத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், உடம்பை இரண்டாக அறுப்பார்கள். விடுதிச் சாம்பாரை நினைத்து எல்லாரும் சற்றுக் கலங்கினோம்.

எட்டாவது நீதிமன்றத்தில் துறைத்தலைவர் நின்றுவிட்டார். பெற்றோர் சொல் கேளாதவர், பெற்றோருக்குத் தொல்லை கொடுத்தவர், தேர்வில் ஏமாற்றியவர். தண்டனை: குடலை உருவுதல். பலகையைச் சத்தமாக ஒருமுறை வாசித்தார். பிறகு தமிழில் ஒருமுறை. பிறகு அரியர் வைத்திருந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்து முன்னால் நிறுத்தினார். சுதைச் சிற்பியின் கைவேலை அபாரம்: கட்டிப்போட்ட ஆளின் வயிற்றிலிருந்து வெளியே வந்த குடல், நீலத்தோல் காவலன் கையில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. கேமராக்காரனைக் கூப்பிட்டு, 36-இல் ஒன்றை இதற்குச் செலவழிக்கச் சொன்னார். அந்தப் பயணத்தில் அவர் கேட்டு எடுத்த ஒரே படம் அது. ஊர் வந்ததும் பெரிதாக்கி, தேர்வு மண்டபத்து அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார்.

2024-இல் கைடு அக்காவின் பட்டியலில் இந்த இடமே இல்லை. “அங்க யாரும் போறதில்ல சார்” என்றார். நான் விடவில்லை. பறவைகளின் சொர்க்கத்துக்குப் போகிற வழியில் அரைமணி நேரம் கறந்தேன். வழியில் என்பது பொய், திசையே வேறு. இருந்தாலும் போனோம். சொர்க்கத்தைத்தான் மண்டாய்க்கு மாற்றியிருந்தார்கள். நரகம் இருந்த இடத்திலேயே இருந்தது. 2021-இல் நரக அருங்காட்சியகம் என்று அதைச் சீர்படுத்தி, உள்ளே போகத் தனி டிக்கெட் போட்டிருக்கிறார்கள். தலைக்கு டிக்கெட் வாங்கி, தலைகளை எண்ணி, உள்ளே அனுப்பினேன்.

ரம்பத்துக்குச் சிரித்தார்கள். கத்தி மரத்தின் முன்னால் ரீல்ஸ் எடுத்தார்கள். எட்டாவதுக்கு வந்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகையைச் சத்தமாக வாசித்தேன். ஒருமுறை ஆங்கிலத்தில், ஒருமுறை தமிழில்.

கொஞ்சம் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் கை தூக்கினான்.

“சார், பிட் அடிச்சா இதுன்னு புரியுது. அசைன்மென்ட்ட ஏ.ஐ.ல போட்டு எடுத்தா எந்தக் கோர்ட்டு?”

எனக்குப் பதில் வருவதற்கு முன்னால் பக்கத்திலிருந்தவன் அவன் தோளில் தட்டினான்.

“இன்னும் கட்டலல மக்கா. அடுத்த பேட்ச் வரும்போது கட்டிருப்பாங்க.”